வீட்டு ஸ்டீரியோவில் டிஜே பழகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாள்கள் ஆகிவிட்டன. நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரமாக ஒரு வரியில் பதில் எழுத மனம் வராததால்தான் இத்தனை தாமதம். லேப்டாப்பில் உள்ள பாட்டுகளைக் கலக்க உதவும், இரண்டு தட்டுகள் கொண்ட டிஜே கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிவிட்டாய் என்பதையும், கூடத்தில் இருபது ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் உன் பழைய ஸ்டீரியோவில் அதை இணைக்கலாமா, இணைத்தால் அது தாங்குமா என்று நீ தயங்குவதையும் படித்தபோது, நாம் ஒரே அறையில் தங்கியிருந்த காலம் நினைவுக்கு வந்தது. கேசட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் அமைதியைப் பொறுக்க முடியாமல், இரண்டு டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்து ஒன்றன் ஒலியைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டிப் பார்த்த அந்த இரவுகளிலேயே நீ இந்த வேலையைத் தொடங்கிவிட்டாய்.

தாராளமாக இணைக்கலாம். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது என்றும் சொல்வேன். வீட்டு ஸ்டீரியோ டிஜே வேலைக்குத் தகாது என்று ஒதுக்குகிறவர்கள், டிஜேக்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, 1972இல் வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகவே வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும்படி அது அமைந்திருந்ததால், கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டாலும் சட்டென்று வேகம் எடுத்தது. அந்தக் குணத்துக்காகவே நடன அரங்குகளில் இருந்தவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீளமான பிட்ச் கட்டை, 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் சேர்ந்தது. ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று கொண்டாடப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்தும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், அவருடைய தந்தையின் ஒலிக்கருவிகளைக் கொண்டு நடந்ததே.

இனி உன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்துக்கு வருவோம். அங்கே ஃபோனோ என்று எழுதியிருக்கும் துளைகளில் கன்ட்ரோலரின் வயரை மறந்தும் செருகிவிடாதே. டர்ன்டேபிளில் முள்ளைத் தாங்கும் காட்ரிஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. ஃபோனோ பகுதி அதை நூறு மடங்கு பெருக்குகிறது. அது மட்டுமல்லாமல், இசைத்தட்டில் வெட்டும்போது பாஸ் எனும் அடிமட்ட ஒலிகளைக் குறைத்து, ட்ரெபிள் எனும் உச்ச ஒலிகளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள் என்பதால், அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 1954இல் வகுத்த அளவின்படி அடிமட்ட ஒலிகளை ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்தி, உச்ச ஒலிகளை ஏறத்தாழ அதே அளவுக்குத் தாழ்த்தவும் செய்கிறது. ஏற்கெனவே முழு வலிமையோடு வரும் கன்ட்ரோலரின் ஒலியை அங்கே கொடுத்தால், கரகரப்போடு கூடிய ஒரு பெரும் முழக்கம்தான் கேட்கும். ஆக்ஸ், சிடி, டேப் என்று எழுதிய எந்தத் துளையும் உனக்குப் பொருந்தும்.

அளவைப் பற்றி இன்னொன்றும் உண்டு. மேடைக் கருவிகள் 1.23 வோல்ட்டை இயல்பான அளவாகக் கொண்டவை; வீட்டுக் கருவிகளுக்கு அது 0.316 வோல்ட், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆகவே கன்ட்ரோலரின் மாஸ்டர் குமிழை முழுவதும் திறந்து வைக்காமல் பாதியில் வை. ஒவ்வொரு சேனலின் கெயினையும், அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவையும், மீட்டரில் பச்சை விளக்குகள் நிறைந்து, மஞ்சள் அவ்வப்போது தொட்டுப் போகும் அளவில் நிறுத்து. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழால் மட்டுமே நடக்கட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டுகளைக் கலக்கும் மிக்சரை நான் வாங்கிய இரண்டாம் ஆண்டில் வீட்டில் ஒரு விருந்து. இருபது பேர் வந்திருந்தார்கள். பேச்சுச் சத்தம் கூடக் கூட நான் ஒலியைக் கூட்டினேன். ஒலி கூடக் கூட அவர்கள் இன்னும் உரக்கப் பேசினார்கள். ஆம்ப்ளிஃபயரின் குமிழ் முக்கால் சுற்றைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் திருப்பியும் சத்தம் கூடவில்லை என்பதால் மிக்சரிலும் கூட்டினேன். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் மகிழ்ச்சியில் அதை நான் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் இடப்பக்க ஸ்பீக்கரின் அருகில், சூடான இஸ்திரிப் பெட்டிக்கடியில் அரக்கு கருகுவது போன்ற மெல்லிய வாடை வந்தது. மறுநாள் காலையில் வீடு அமைதியானபின் ஒரு பாட்டைப் போட்டால், இடப்பக்கத்தில் ஜால்ரா ஒலியே இல்லை. பாடுபவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. தலைமுடியைப் போன்ற அந்தக் கம்பிச் சுருள் உள்ளே அறுந்துபோயிருந்தது.

ஸ்பீக்கரின் முதுகில் 100 வாட் என்று எழுதியிருந்தது, என் ஆம்ப்ளிஃபயரோ 50 வாட்தான். பிறகு எப்படிக் கருகியது என்று பல நாள் குழம்பினேன். எழுதியிருக்கும் 100 வாட் முழு ஸ்பீக்கருக்கும் உரியது. பாட்டின் ஆற்றலில் பெரும்பகுதி அடிமட்ட ஒலிகளில் இருப்பதால் அதை வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கர் ஏற்றுக்கொள்கிறது. ட்வீட்டரால் அதில் சிறு பங்கைத்தான் தாங்க முடியும். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது ஒலி அலைகளின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. பாஸ் அதற்கு மேல் உயர முடியாமல் நின்றுவிட, ட்ரெபிள் மட்டும் தொடர்ந்து உயர்கிறது. வெட்டுப்பட்ட அலையிலிருந்து பிறக்கும் புதிய உச்ச ஒலிகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுர அலையாகிவிட்டால், 50 வாட் ஆம்ப்ளிஃபயரே ஏறத்தாழ 100 வாட் கொடுக்கும். ட்வீட்டர் இரண்டு பக்கத்திலிருந்தும் இடி வாங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வீட்டு ஸ்பீக்கரின் எல்லை இன்னும் தெளிவாகும். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் நின்று அளந்தால் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வீடுகளில் வழக்கமானது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு மின்திறன் வேண்டும் என்பதால், 10 வாட்டில் அது 97, 100 வாட்டில் 107 டெசிபல் தரும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் ஆடுகிறவர்களுக்கு 100 டெசிபல் வேண்டுமென்றால், அந்த ஸ்பீக்கருக்கு 300 வாட்டுக்கு மேல் தேவைப்படும்; 97 டெசிபல் தரும் மேடை ஸ்பீக்கருக்கோ 32 வாட் போதும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் நிலைமை கொஞ்சம் மேம்படும். ஆனால் இந்த இடைவெளியை அவை நிரப்பிவிடா. ஆகவே கூட்டத்துக்குப் பாட்டுப் போட வேண்டிய நாளில் மேடை ஸ்பீக்கர்களை வாடகைக்கு எடுத்துக்கொள். உன் ஸ்டீரியோவை அந்த வேலைக்கு அனுப்பாதே என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இதே கணக்கு பாஸ் குமிழுக்கும் பொருந்தும். அதை 10 டெசிபல் கூட்டினால், அந்த ஒலிகளுக்கு மட்டும் பத்து மடங்கு மின்திறன் செலவாகிறது. ஆம்ப்ளிஃபயரில் பாஸைக் கூட்டிக் காட்டும் லவுட்னெஸ் பொத்தான் இருந்தால் அணைத்துவிடு. பாஸ் குறைவாகத் தோன்றினால் ஸ்பீக்கரைச் சுவரின் பக்கம் ஒரு சாண் நகர்த்திப் பார். அந்த வகையில் கிடைக்கும் பாஸுக்கு எந்தச் செலவும் இல்லை.

தாமதத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். வயர் இழுக்கச் சோம்பல்பட்டு ப்ளூடூத் வழியாக இணைத்துப் பார்த்ததாகவும், ஹெட்போனில் சரியாகப் பொருந்திய தாளம் அறையில் பொருந்தவில்லை என்றும் சொல்லியிருந்தாய். உன் கையில் குறையில்லை. நிமிடத்துக்கு 128 தாள அடிகள் கொண்ட பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 469 மில்லிசெகண்டு இருக்கிறது. ப்ளூடூத்தில் 200 மில்லிசெகண்டு வரை தாமதம் ஏற்படுவது சாதாரணம். கிட்டத்தட்ட அரைத் தாள அடி அங்கேயே போய்விடுகிறது. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது என்றால், உன் ஸ்பீக்கர்களை அறுபது மீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்ததற்கு இது சமம். வயரைப் போடு. உன்னுடையது சினிமா பார்ப்பதற்கான சரவுண்டு ரிசீவர் என்றால், அதன் ஒலி அலங்காரங்களும் தாமதத்தைச் சேர்க்கும். டைரக்ட் என்ற நிலையில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஸ்பீக்கர்களை உனக்கு இரண்டு மீட்டருக்குள், காதின் உயரத்தில், உன்னைப் பார்க்கும்படி திருப்பி வை. அந்த நெருக்கத்தில் குமிழைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பத் தேவையே இருக்காது. இரண்டு பாட்டுகளின் கிக் டிரம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதையும், ஒரு மயிரிழை விலகும்போது அந்த ஒற்றை அடி தடித்து இரட்டையாவதையும் அங்கேதான் தெளிவாகக் கேட்க முடியும்.

அப்பாவின் இசைத்தட்டுகளை ஒரு நாள் இதில் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைத்துவிடாதே. பாஸின் அதிர்வு மேசை வழியாக முள்ளுக்கு ஏறி, முள்ளிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும். கனமான கல் பலகை ஒன்றை ரப்பர் துண்டுகளின்மேல் வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை அமர்த்தியிருக்கிறேன். பாட்டு ஓடும்போது ஒரு விரலைப் பலகையிலும் இன்னொரு விரலை மேசையிலும் வைத்துப் பார்ப்பேன்: மேசை துடிக்கும், பலகை அமைதியாக இருக்கும்.

லேப்டாப்பின் சார்ஜரைச் செருகியதும் ம்ம்ம் என்ற இரைச்சல் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் இணைத்துப் பார். போகவில்லையென்றால் இரைச்சலைத் தடுக்கும் ஐசலேட்டர் ஒன்றை வயரின் நடுவே போடு. எர்த் முனையை மட்டும் யார் சொன்னாலும் அகற்றாதே, அது உயிரைக் காப்பது. ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்கும் பழக்கமும் வேண்டும்.

என் செய்தி என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடப்பக்க ஸ்பீக்கருக்கு அதே வகை ட்வீட்டர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நானே பற்றவைத்துப் பொருத்தினேன். அன்றிரவு எல்லோரும் தூங்கியபின் குறைந்த ஒலியில் ஒரு மணி நேரம் இரண்டு பாட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிக் கலந்துகொண்டிருந்தேன். ஜால்ரா இரண்டு பக்கமும் திரும்பி வந்துவிட்டது.

வயரைப் போட்டு முடித்ததும், உன் ஆம்ப்ளிஃபயரின் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்