கோளாறு அல்ல, எரிபொருள் மாற்றம்

ஆசிரியருக்கு,

கூடங்குளத்தில் எரிபொருள் மாற்றுவதற்காக மின் உற்பத்தி நிறுத்தம் என்ற செய்தி படித்தேன். இப்படிச் செய்தி வந்தாலே 'உலையில் ஏதோ கோளாறாம்' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடுகிறது. கோளாறு இல்லை; கூடங்குளம் உலையை நிறுத்தினால்தான் எரிபொருள் மாற்ற முடியும். கல்பாக்கத்தின் கனநீர் (சாதாரண நீரைவிட எடை கூடிய நீர்) உலை வேறு வகை. அங்கே உலை ஓடும்போதே, எரிபொருள் இருக்கும் குழாயின் இரு முனையிலும் இயந்திரங்கள் வந்து பொருந்தும். ஒன்று புதிய எரிபொருள் கட்டினைத் தள்ள, மற்றது பழையதை வாங்கிக்கொள்ளும். அந்தக் கட்டின் மாதிரியை ஒரு கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கூடங்குளத்தில் உலையை அணைத்து, மூடியைக் கழற்றி, 163 எரிபொருள் தொகுதிகளில் ஒரு பகுதியை நீருக்கடியிலேயே மாற்ற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

நிறுத்தும் தேதியையும் மீண்டும் இயக்கும் உத்தேசத் தேதியையும் நிர்வாகம் முன்கூட்டியே அறிவிக்கலாம். அப்புறம், நீங்களும் செய்தியோடு ஒரு விளக்கப்படம் போடலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்