கூரையில்லாத தேவாலயம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. லிஸ்பனில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன்.

அங்கே கார்மோ என்று ஒரு பழைய தேவாலயம். 1755 நிலநடுக்கத்தில் இடிந்தது. இன்றைக்கும் கல் வளைவுகளுக்கு மேலே கூரை கிடையாது. அண்ணாந்தால் வானம், கீழே புல்தரை. பிலிப்பா மோனிஸை அடக்கம் செய்த இடம் இது என்றாள் மகள். யாரென்று கேட்டேன். கொலம்பஸின் மனைவியாம்!

நீனா, பிண்டா, சாந்தா மரியா என்று கப்பல் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தோமே, இந்தப் பெயரை யாராவது நமக்குச் சொன்னார்களா? அன்று ராத்திரி வெகுநேரம் அவளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய இடத்துப் பெண். அப்பா பெரஸ்ட்ரெலோ, அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ட்டோ சாண்டோ என்ற போர்த்துகீசியத் தீவின் முதல் ஆளுநர். அவள் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். லிஸ்பனில் சாந்தோஸ் மடத்துக்குப் பூசைக்கு வந்த கொலம்பஸ் அங்கே அவளைப் பார்த்தார். 1479 வாக்கில் கல்யாணம். சொத்தில்லாத அயல்நாட்டு மாப்பிள்ளை. ஆனாலும் மாமியார் இசபெல், கணவர் விட்டுப்போன கடல் வரைபடங்களையும் குறிப்புகளையும் எடுத்து அவரிடம் கொடுத்தார். மேற்கிலிருந்து செதுக்கிய மரத்துண்டு ஒன்று தீவில் கரையொதுங்கியதைச் சொன்னவரும் பிலிப்பாவின் அக்கா கணவர்தான். கடலாசை கொலம்பஸுக்கு முன்பே இருந்திருக்கும், சரி. ஆனால் அந்த வீடு இல்லாமல் மேற்குத் திசை அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

1485இல் சுமார் ஐந்து வயது மகன் டியேகோவோடு அவர் ஸ்பெயினுக்குப் போனபோது பிலிப்பா உயிரோடு இல்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, கொலம்பஸுக்கு வேறொருத்தியிடம் பிறந்த பெர்னாண்டோ எழுதிவைத்தது. டியேகோ மட்டும் 1509இல் எழுதிய உயிலில், அம்மா கார்மோவில் அடக்கமாகியிருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறான். அம்மா முகம் எவ்வளவு நினைவிருந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு? அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, கமலா.

அப்புறம், உன் பேத்திக்கு ஒரு கதை. பிலிப்பாவின் அப்பா தீவுக்குப் போனபோது சினை முயல் ஒன்றைக் கொண்டுபோனார். அது கப்பலிலேயே குட்டி போட்டது. தீவில் இறக்கிவிட்டதும் பெருகிப் பெருகி, விதைத்த பயிரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. குடியேறியவர்கள் தீவையே விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று! கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
வசந்தா