ஞாயிற்றுக்கிழமை துளை போடக் கூடாத ஊரிலிருந்து

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
ஜூன் 15, ஞாயிறு மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் மாத்திரையைப் பற்றிக் கேட்டவுடன் பேச்சை மாற்றிவிட்டார். நீங்களாவது உண்மையை எழுதுங்கள்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அன்றைக்கு வீடியோவில், செடித்தொட்டிகள் வைக்க நான் கட்டும் பால்கனிப் படியைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தீர்கள். "என்ன மரம்? வைரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் செங்கோட்டையில் மரம் அறுக்கும் வாள்பட்டறையில் மரம் பார்த்த கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை போதாது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இன்று உட்காரவும் முடிந்தது. இன்னும் நான்கு திருகாணிகள் பாக்கி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே துளை போடும் மெஷினை ஓட்டக் கூடாது. கடைகளும் திறக்கமாட்டார்கள். மற்ற நாட்களில் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை சத்தம் கூடாது. எங்கள் கட்டடத்தில் பகல் ஒன்று முதல் மூன்று வரையும் கூடாது என்று மாடிப்படி அருகே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியது. இப்போது வாரமெல்லாம் வார்டில் அழைப்பு மணிகளுக்கு ஓடிவிட்டு வரும்போது, இந்த ஒரு நாள் அமைதி எனக்குத் தேவையாக இருக்கிறது.

படி எதற்கு என்பதைச் சொல்கிறேன். பால்கனி மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், தெற்குப் பார்த்தது. ஆனால் கம்பிக்குப் பதிலாக ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமெண்ட் சுவர். நம் ஊரில் வெயில் தலைக்கு மேலே நிற்கும். இங்கே அது எப்போதும் சாய்ந்தே வருகிறது. மார்ச் மாதத்தில் நடுப்பகலில்கூட அந்தச் சுவரின் நிழல் தரையில் பெரும்பகுதியை மூடிவிடும். தரையில் வைத்த தொட்டிகளுக்குத் தலைக்கு மேல் வெயில் போகும், மேலே படாது. டிசம்பரில் பகலே எட்டு மணி நேரம்தான். இருக்கிற வெளிச்சத்தைச் செடிக்குக் கொடுக்க வேண்டுமானால் தொட்டியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். வாடகை வீடு, வெளிச்சுவரில் கேட்காமல் துளை போட்டுச் சட்டம் மாட்ட முடியாது. அதனால் நவராத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் கட்டுவார்களே, அந்தக் கொலுப்படி மாதிரி மூன்று படி கட்டலாம் என்று முடிவு செய்தேன்.

எல்லாம் கறிவேப்பிலைக்காக. ஊரிலிருந்து கன்று எடுத்துவர வழியில்லை. தாவர நலச் சான்று இல்லாமல் செடியோ விதையோ ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. இங்குள்ள இலங்கைத் தமிழர் கடை ஒன்றில் ஒரு சாண் உயரக் கன்று கிடைத்தது. போன குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்தும் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாகிவிட்டது. தூக்கிப்போட மனம் வரவில்லை. நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. நோயாளியின் மணிக்கட்டில் நாடி கிடைத்த மாதிரி இருந்தது அப்பா. மார்ச் கடைசியில் அடிக்கணுவில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது. அன்றைக்கே படி கட்டுவது என்று முடிவாகிவிட்டது.

இனி மரம். இங்கே 'பாவ்மார்க்ட்' என்று வீடுகட்டும் சாமான்களுக்கென்றே பெரிய கடைகள் இருக்கின்றன. பலகை வாங்கினால் சொன்ன அளவுக்கு அங்கேயே அறுத்துத் தருகிறார்கள். கன அடி என்ற பேச்சே கிடையாது, எல்லாம் மில்லிமீட்டர். கடைக்குள் நுழைந்ததும் மரவாசனை அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வாங்காமல் அப்படியே நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு உங்களுக்குத் தூக்குவாளியில் காபி கொண்டுவருவேனே, அந்த வாசல் நினைவுக்கு வந்தது. ஆனால் தேக்கும் வேங்கையும் இல்லை இது. முழுக்கப் பிசின் வாசனை, குங்கிலியம் போட்டதுபோல.

மலிவாகக் கிடைப்பது 'ஃபிஹ்டெ' என்ற வெள்ளை மரம். வீட்டுக்குள் வைக்க நல்லது, மழையில் சீக்கிரம் இற்றுப்போகும். நான் எடுத்தது 'லெர்ஹெ'. ஊசியிலை மரம்தான், ஆனால் மற்ற ஊசியிலை மரங்களைப் போல வருடம் முழுக்கப் பச்சையாக இருக்காது. இலையுதிர் காலத்தில் தங்கநிறமாகி எல்லாம் கொட்டிவிடும். வைரம் செம்பழுப்பு, வெளியோரம் மஞ்சள் கலந்த வெள்ளை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அடுக்கிலிருந்து ஒவ்வொரு ரீப்பராக எடுத்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்து, வளைந்ததைத் தள்ளிவைத்தேன். கணு ஓரத்தில் இருந்ததையும் தள்ளினேன். இதையெல்லாம் நீங்கள் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. "உனக்குப் புத்தகம்தான்" என்று வாளின் பக்கமே விடமாட்டீர்கள். தள்ளி நின்று பார்த்தே கை படித்திருக்கிறது.

திருகாணி எடுக்கும்போது கடைக்காரர் தடுத்தார். லெர்ஹெவுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் போட வேண்டுமாம். இந்த மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து சாதாரண இரும்போடு சேர்ந்தால், ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை இறங்கும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துப்போகுமே, அதே சங்கதி. கேட்டவுடன் புரிந்துவிட்டது, கடைக்காரருக்குத்தான் என் முகம் ஏன் மலர்ந்தது என்று தெரியவில்லை.

முதல் ரீப்பரில் துளை போடாமலே ஆணியை முடுக்கினேன். முனையிலிருந்து ஒரு விரல் அகலம்தான் விட்டிருந்தேன்; வெட்டுவாய் பிளந்து கீறல் ஒரு சாண் ஓடிவிட்டது. நல்ல மரத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்தது. அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் முதலில் மெல்லிய துளை, பிறகுதான் ஆணி.

அந்தத் துளை போடும் மெஷின் கீழ் வீட்டுப் பாட்டியுடையது. அதுவும் ஒரு கதை. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூள் அவர் பால்கனி மேசையில் விழுந்து, மேலே ஏறி வந்தார். அந்த வாரம் மாடிப்படி பெருக்கும் முறையும் என்னுடையது. இந்தப் பகுதியில் அதற்கு 'கேர்வோகெ' என்று பெயர், முறைக்காரர் கதவில் ஒரு பலகை தொங்கும். எழுபத்தெட்டு வயது. திட்டப்போகிறார் என்று நின்றேன். மரத்தைத் தொட்டுப் பார்த்தார், "லெர்ஹெ" என்றார். திரும்பிப் போய், இறந்துபோன கணவரின் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரீப்பர்களை நெருக்கி வைத்திருந்தேன். நடுவே எட்டு மில்லிமீட்டர் விடச் சொன்னார். நீர் வடிய வேண்டும், நனைந்து ஊதினால் மரத்துக்கு இடம் வேண்டும். அளவுக்கு அவர் கொடுத்தது ஒரு பென்சில். இரண்டு ரீப்பருக்கு நடுவே அந்தப் பென்சிலை வைத்து வைத்து ஆணி முடுக்கினோம். என் இரவுப் பணி நாட்களில் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அவர்தான்.

ஜெர்மன் மொழியிலும் தமிழைப் போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. மூத்தவர் சொன்னால்தான் 'நீ' போடலாம். நடுப்படி முடிந்த அன்று பாட்டி, "இனி என்னை நீ என்றே கூப்பிடு" என்றார். அது இங்கே பெரிய அன்பு. எனக்கு நாக்கு எழவில்லை அப்பா. எழுபத்தெட்டு வயதுப் பெண்மணியை எப்படி நீ என்பது? இன்னும் இரண்டும் இல்லாமல் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செடிகளை எப்போது வெளியே வைப்பது என்று சொன்னதும் அவர்தான். ஏப்ரலில் நல்ல வெயில் அடித்தது, வைக்கப் போனேன். "பனிப் புனிதர்கள் போகட்டும்" என்றார். மே 11 முதல் 15 வரை உள்ள ஐந்து நாளும் ஐந்து புனிதர்களின் நாட்கள். அதற்குள் ஓர் இரவாவது பனி விழுந்து கன்றைக் கருக்கிவிடும் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு. கடைசி நாள் 'குளிர் சோஃபி'. நமக்கு ஆடிப் பட்டம் போல இவர்களுக்கு இது. நான் 16ஆம் தேதி கறிவேப்பிலையை வெளியே எடுத்தேன்.

அளவு சொல்கிறேன், தப்பு இருந்தால் எழுதுங்கள். அகலம் 90 சென்டிமீட்டர். கீழ்ப்படி நான்கு ரீப்பர், நடுவிலும் மேலும் மும்மூன்று. ரீப்பர் தடிப்பு 28 மில்லிமீட்டர், அகலம் 68. கால்கள் 45 மில்லிமீட்டர் சதுரச் சட்டம். கறிவேப்பிலைத் தொட்டியைத் தண்ணீர் ஊற்றியபின் எடை மெஷினில் வைத்தேன்: 18 கிலோ. லாரியில் கனத்தைக் கீழே போடு என்று நீங்கள் கத்துவது காதில் கேட்டது. அதனால் அது கீழ்ப்படியில் ஓரமாக இருக்கிறது. புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் மேலே. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தேன். அதைக் கொடுக்கும்வரை படி பக்கவாட்டில் நடனமாடியது, கொடுத்தபின் அசையவில்லை.

ஆனால் நிமிர்த்தி வைத்தால் படி முன்பக்கம் சாய்ந்து நின்றது. என் அளவில் பிழை என்று நினைத்து இரண்டு முறை அளந்தேன். பிழை தரையில் இருந்தது. மழைநீர் வடிவதற்காக பால்கனித் தரையையே வெளிப்பக்கம் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். காலை அறுக்கவில்லை. முன்கால்களுக்குத் தடித்த ரப்பர், பின்கால்களுக்கு மெல்லியது என்று துண்டு வைத்துச் சமன் செய்தேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. நீர் தேங்கினாலும் இனி கால் நனையாது. "மரம் உடம்பால் குடிக்காது, வெட்டுவாயால் குடிக்கும்" என்று சொல்லி, லாரியிலிருந்து இறக்கிய தடிகளுக்கு முனையில் பூசிவிடுவீர்கள். நானும் கால்களின் அடியில் லின்சீட் எண்ணெயை மூன்று முறை ஊறவிட்டேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கவில்லை. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. மரத்தூள் குவியலைக் கிளறிக் கிளறி விடுவீர்களே, அந்தப் பயம்தான். துணியை விரித்துக் காயப்போட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் கருங்காட்டுப் பக்கம் ஷில்டாஹ் என்ற சிற்றூருக்கு ரயிலில் போனேன். உங்களை அழைத்துப்போக வேண்டிய ஊர். கின்ட்ஸிக் ஆற்றங்கரையில் பழைய வாள்பட்டறை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மலைமரங்களைத் தெப்பமாகக் கட்டி, இந்த ஆற்றில் விட்டு, ரைன் நதி வழியாக ஹாலந்துவரை கொண்டுபோயிருக்கிறார்கள், கப்பலுக்கும் ஆம்ஸ்டர்டாம் வீடுகளின் அடியில் முளையடிப்பதற்கும். தடிகளைக் கட்டியது சங்கிலியால் இல்லை. இளங்கழிகளை அடுப்பில் சூடாக்கி, முறுக்கி, கயிறு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அந்த மரக்கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மரத்தையே கயிறாக்கி மரத்தைக் கட்டுவது! ரயில் வந்தபின் தெப்பம் நின்றுபோனது. 1904இல் கொல்லம் ரயில் நம் ஊர் வழியாக வந்தபோது நம் பக்கத்து மரம் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா? தெப்பக்கலையை 2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மரவேலை செய்தவர்களின் அறிவுக்கு ஒரு நாடு இவ்வளவு மரியாதை கொடுக்கும்போது, வருகைப் பதிவேட்டில்கூடப் பெயர் இல்லாமல் நீங்கள் வேலைபார்த்த வருடங்கள் நினைவுக்கு வந்தன. நெஞ்சு அடைத்தது.

நாளை மாலை வேலையிலிருந்து வந்ததும் அந்த நான்கு ஆணிகளையும் முடுக்கிவிடுவேன்.

கடைசித் தாளைத் தனியாக வைத்திருக்கிறேன், கசங்காமல் எடுங்கள். மிஞ்சிய துண்டு ஒன்றின் வெட்டுவாய்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது. வளையங்கள் நன்றாக விழுந்திருக்கின்றன. இங்கே குளிரில் மரம் வளர்வதையே நிறுத்திவிடும். அடர்த்தியான கோடு ஒவ்வொன்றும் ஒரு கோடையின் முடிவு. நான் எண்ணியதில் இருபத்தேழு வந்தது, என் வயது. இடது ஓரத்தில் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா