இதய வார்டு சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நோயோடு உங்கள் வார்டில் இருந்த அப்பா, வீடு திரும்பி இன்றோடு நாற்பது நாள். நேற்று தெருமுனைவரை தானே நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அவரால் படுக்கவே முடியவில்லை. 108 வண்டியில் வந்த தம்பி அப்பாவின் காலை அழுத்திப் பார்த்தார், நீர் கோத்த வீக்கத்தில் குழி விழுந்தது. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தே ஆக்சிஜன் கொடுத்துக் கொண்டுபோனார். படுக்கவைக்கச் சொல்லி நான் கத்திவிட்டேன். படுத்தால் மூச்சு இன்னும் முட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள் தம்பி.

எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 30 சதவீதம்தான். "61 வயசுலயே இப்படியா டாக்டர்?" என்று கேட்டேன். அவ்வளவு கூட்டத்திலும் டாக்டரம்மா நின்று பதில் சொன்னார். 2013இல் திருவனந்தபுரத்தில் இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்களாம். சராசரி வயதே 61தான். பெரும்பாலானோருக்கு ஆரம்பம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. அப்பாவுக்கும் நான்கு வருடம் முன்பு மாரடைப்பு வந்திருந்தது. அப்புறம், அப்பாவுக்கு நோய் இப்போது ஏன் கூடியது என்று விடாமல் விசாரித்தார். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கியிருக்கிறது. போதாததற்கு, வீக்கம்தான் வடிந்துவிட்டதே என்று நீர் மாத்திரையை அப்பாவே நிறுத்தியிருந்தார்.

இரவுப் பணி சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்ல? நீர் பிரிய ஊசி போட்டுவிட்டு, சிறுநீரை அளந்து அளந்து எழுதினீர்கள். முகம் சுளிக்கவே இல்லை. ஆறு நாளில் 74 கிலோ 68 ஆனது. "இந்த ஆறு கிலோவும் தண்ணிம்மா" என்றீர்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பா கையில் ஒரு நோட்டைக் கொடுத்தீர்கள். "காலையில ஒண்ணுக்குப் போனதும், சாப்பிடும் முன்ன எடை பார்த்து எழுதுங்கப்பா. மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடினா, கால் வீங்கட்டும்னு காத்திருக்காம வந்துருங்க." தண்ணீர் பாட்டிலில் ஒன்றரை லிட்டருக்குக் கோடு போட்டுத் தந்ததும் நீங்கள்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அப்பா விட்டுவிட்டார். கருவாட்டுக்குத்தான் இரண்டு நாள் முரண்டு பிடித்தார்.

பக்கத்துக் கட்டில் அக்கா, உப்பைக் குறைத்து மிளகும் எலுமிச்சையும் தூக்கலாகப் போட்டு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் திரும்பவில்லை. அந்த வேதனையிலும் வாசலில் நின்று, "அப்பாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள் அக்கா.

சிஸ்டர், இன்று காலை எடை 67.8. அப்பாவே எழுதினார்.