ட்ரெய்லர் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் கேம்பிங் ட்ரெய்லர்கள் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடுகள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் 'எடை குறைந்த ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரைச் சாதாரண பிக்கப்பே இழுத்துவிடும்' என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது பாருங்கள், கிட்டத்தட்ட அதே வரியை ஒரு விற்பனைக்காரர் வாயிலிருந்து கேட்டுத்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியில் தலை தனி, ட்ரெய்லர் தனி, இரண்டையும் கிங்பின் என்கிற ஒரு இரும்பு முளை சேர்த்துப் பிடித்திருக்கும் அல்லவா, ஃபிஃப்த் வீலும் அதே ஏற்பாடுதான். ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலே வந்து உட்காரும். பாரம் பின் அச்சுக்கு மேலேயே இறங்குவதால், பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற ட்ரெய்லர் மாதிரி வாலாட்டாது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து போகும்போது இந்த வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரியும். இதுவரை எல்லாம் நல்ல செய்திதான்.

ஆனால் அந்த மூக்கு சும்மா உட்காராது. பம்பரில் மாட்டுகிற ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டி மேல் வைக்கும் என்றால், ஃபிஃப்த் வீல் 20 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். விற்பனைக்காரர்கள் பேசுவதெல்லாம் இழுவைத் திறனைப் பற்றி. 'உங்கள் பிக்கப் நாலு டன் இழுக்கும் சார், ட்ரெய்லர் மூணு டன்தான்' என்பார்கள். இழுக்கும், யார் இல்லை என்றார்கள், தாங்குமா என்பதுதானே கேள்வி. அதற்கான விடை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். என் வண்டியில் 690 கிலோ. அதை நான் படித்தது ட்ரெய்லர் வாங்கி ஐந்து மாதம் கழித்து.

படிக்க வைத்தவர் என் அப்பா. கடலூர் பக்கம் விவசாயம் பார்த்தவர், கார் ஓட்டத் தெரியாது. எங்களைப் பார்க்க வந்திருந்தார். சாக்ரமென்டோவிலிருந்து டானர் கணவாய் வழியாக ரீனோ போவதாகத் திட்டம், 7,200 அடி ஏற வேண்டும். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்தவர், பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற பிக்கப்பைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, முன்பாரம் அதிகமா இருக்கே, மாடு கழுத்து என்னத்துக்கு ஆகும்" என்றார். மாட்டு வண்டியில் மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி அழுத்தும், பின்னால் தள்ளினால் நுகம் தூக்கும். அவருக்கு இது சின்ன வயதுப் பாடம்; ட்ரெய்லர்தான் வண்டி, பிக்கப்தான் மாடு. நான் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது, எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள், என் விளக்கு அவர்கள் கண்ணுக்குள் அடித்திருக்கிறது.

வழியில் லாரிகள் நிறுத்துகிற இடத்தில் எடைமேடை இருந்தது. ட்ரெய்லரை மாட்டி ஒரு தடவை, கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை என்று எடை போட்டோம். பிக்கப்பின் அச்சுகளில் வந்த வித்தியாசம்தான் மூக்கின் எடை. 720 கிலோ! விளம்பரத் தாளில் இருந்தது காலி ட்ரெய்லரின் கணக்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 150 கிலோ, காஸ் சிலிண்டர் இரண்டும் பேட்டரியும் மூக்குப் பக்கமே இருக்கின்றன, அப்புறம் என் மனைவி ஏற்றிய இட்லி கிரைண்டர் (அதைச் சொன்னால் வீட்டில் சண்டை). அதோடு பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்திய ஹிட்ச் (கிங்பின்னைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு அமைப்பு) 60 கிலோ, நாங்கள் நான்கு பேர் 260 கிலோ. ஆக 690 தாங்கும் வண்டியில் 1,040 கிலோ. ரீனோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தண்ணீரை வடித்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தோம்.

அந்த ட்ரெய்லரை நஷ்டத்துக்கு விற்றேன். விற்பதற்கு முன் இன்னொரு கூத்தும் நடந்தது. கிங்பின் ஹிட்சின் தாடைக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருந்ததைக் கவனிக்காமல் கிளம்பி, மூக்கு தொட்டியின் பக்கச்சுவர் மேல் விழுந்து இரண்டு பக்கமும் நசுங்கிவிட்டது. மாட்டியதும் ட்ரெய்லரைத் தாங்கி நிற்கிற கால்களைத் தூக்குவதற்கு முன், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வினாடி வேலை, அன்றைக்கு மழை என்று விட்டுவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது மினசோட்டா மாநிலத்து பேக்கஸ் என்கிற சிற்றூரில் செய்கிற ஸ்கேம்ப் என்கிற சின்ன ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர், 19 அடி, ஃபைபர்கிளாஸ் கூடு. இதில் கிங்பின்னே கிடையாது, பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்திய இரும்புக் குண்டின் மேல் மாட்டிக்கொள்ளும். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகும் எடைச்சீட்டில் 1,400 கிலோவைத் தாண்டவில்லை, மூக்கு 280. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான் சட்டம், அதில் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். குளியலறை டெலிபோன் பூத் அளவுதான், பரவாயில்லை.

எனவே அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் ட்ரெய்லரையும் வந்து பார்க்கட்டும். மேல்கட்டிலுக்குத் தவழ்ந்துதான் ஏற வேண்டும், தலை பத்திரம்.

வாசகர் ஒருவர்,
சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா