சர்க்கரைக்கு வரியா, கேஸுக்கு வரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெரு பெட்டிக்கடை ஃப்ரிட்ஜில் கோலாவும் மாம்பழ டிரிங்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் கோலாவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், 12-இல் இருந்த மாம்பழ டிரிங்குக்கு 5. கேஸ் அடைத்த பானம் என்பதால் சர்க்கரையே போடாத கோலாவுக்கும் அதே 40! மாம்பழ டிரிங்க் டப்பாவைத் திருப்பிப் படித்தால் பழக்கூழ் கொஞ்சம், மீதி தண்ணீரும் சர்க்கரையும்தான். மாம்பழ விவசாயிக்கு உதவி என்பார்கள், சரி, அதற்கு என் பேரன் பல்லா கிடைத்தது? பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வரி போட்டபோது 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை என்று கோடு கிழித்தார்கள், அதற்குக் கீழே இருந்தால் வரியே இல்லை, கம்பெனிகள் பலவும் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இங்கே குறைத்தாலும் அதே வரி என்றால் எவன் குறைப்பான்? அடுத்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் தமிழக நிதியமைச்சர் இதைக் கேட்பாரா?

- ஒரு வாசகர், மதுரை