ஹாலிவுட்டிலிருந்து லாட்வியாவின் ரீகா நகருக்கு

ஹாலிவுட்,
14 மார்ச் 1937

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. இன்று மன்னிப்பு ஞாயிறு, நாளைக்கு ஈஸ்டர் நோன்பு ஆரம்பம். உங்கள் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியவன் இப்படிக் காகிதத்தில் கேட்கிறேன். ஏழு மாதம் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

காலையில் மிக்கெல்டொரினா தெருவில் நம் ரஷ்யர்கள் கட்டியிருக்கும் கோயிலுக்குப் போய்வந்து பிளினி அப்பம் சுட்டேன். பாட்டி சொல்வதுபோல முதல் பிளினி கட்டியாகத்தான் வந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு நாலு கொடுத்தேன். ஐயோவாவிலிருந்து வந்த விவசாயக் குடும்பம். நான் உப்பு ஹெர்ரிங் வைத்துக் கொடுத்தால், அவர் அதன் மேலேயே மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டார். மீன் மேல்! ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷி. இரண்டு மாதமாக வாடகை என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

இந்த ஊரில் குளிரே இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, ஜனவரியில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஆரஞ்சுத் தோப்புகள் உறைந்துவிடாமல் இருக்க, மரங்களுக்கு நடுவே இரவெல்லாம் எண்ணெய் அடுப்புகளை எரித்தார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. அப்பாவின் கம்பளிக் கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்திரமாக இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், சீட்டு என்னிடம் இருக்கிறது.

வேலை விஷயம். 4-ம் தேதி பில்ட்மோர் ஓட்டலில் அகாடமி விருது விருந்து நடந்தது. துணை நடிகர்களுக்கும் விருது என்பது இந்த வருடம்தான் ஆரம்பம். முதல் பட்டியலிலேயே நம்மவர் மூன்று பேர்! அக்கிம் தமிரோவும் மரியா உஸ்பென்ஸ்காயா அம்மாளும் மாஸ்கோ ஆர்ட் தியேட்டரோடு நாடகம் போட வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். மூன்றாவது ஆள் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த மிஷா ஔவர். தமிரோவுக்குச் சீன ஜெனரல் வேடம், அம்மாளுக்கு ஆஸ்திரியச் சீமாட்டி, மிஷா செய்து காட்டியது மனிதக் குரங்கு. மூவருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் துணை நடிகருக்குச் சிலை கிடையாது, ஒரு பலகைதான்.

ரஷ்யனாகவே நடிப்பது நான்தான். வாயில்காப்போன், வண்டிக்காரன், ஜெனரலுக்குப் பின்னால் நிற்பவன். தாடி வளர்த்திருக்கிறேன், தாடிக்காரனைக் கூட்டத்தில் முன்வரிசையில் நிறுத்துவார்கள். சாயங்காலம் வேலை உண்டா என்று போன் செய்தால் பெரும்பாலும் நாளைக்குக் கூப்பிடு என்கிறார்கள். எனக்கும் அவசரமில்லை. நீங்கள் உருகி உருகிப் பார்த்த நடிகர் மொஸ்ஷூகினே 1927-ல் இங்கே ஒரு படத்தோடு ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டாரே.

போன மாதம் ஒரு பனிக் காட்சி. வெளியே வெயில், உள்ளே நாங்கள் ரோமத் தொப்பியில் வேர்த்துக்கொண்டு நிற்கிறோம். மேலே பரண் போட்டு, வெளுத்த சோள அவலைத் தூவினார்கள். பழக்கதோஷம், தலையை நிமிர்த்தி வாயைத் திறந்துவிட்டேன். நாக்கில் விழுந்தது. கரையவில்லை, அம்மா. நம் வீட்டுப் படியில் நானும் தங்கையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, நீங்கள் உள்ளேயிருந்து திட்டுவது காதில் கேட்டது. அந்த ஷாட்டைத் திரும்ப எடுத்தார்கள், என்னால்தான்.

சரி, அது இருக்கட்டும். தங்கை கல்யாணத்தை ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, மே 9 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தை யார் மூலமாகவாவது விசாரித்தீர்களா? அவர் சொன்னது மட்டும் போதாது. என் பங்குப் பணம் ஈஸ்டருக்குள் வந்துவிடும், ஒரு படத்துக்குப் பேச்சு நடக்கிறது. சித்தப்பா கொட்டகையை விற்கக் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். அப்பா தன் கையால் கூரை போட்டது. வேலியோரத்து ஆப்பிள் மரம் யார் பங்கு என்று முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பாட்டியின் தகரப் பெட்டியில், துணிக்கு அடியில் இருக்கும்.

அப்புறம், தங்கைக்கு இங்கிருந்து வெள்ளை ஷூ அனுப்பப் பார்க்கிறேன். காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு காலையும். அவளுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது.

உங்கள் மகன்